மலையில்லாத ஊரின் மலை

காரைக்காலில் மலை கிடையாது. மேடு என்று சொல்லக்கூடியதுகூடக் கடற்கரையோரத்து மணல்மேடுதான். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு என்று காவிரியின் கிளைகள் வயல்களுக்கு நடுவே ஓடிவந்து கடலில் கலக்கிற சமவெளி அது. தெற்கே திருமலைராயன்பட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பேரில் மலை இருக்கிறதே என்று யாரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அது ஒரு ராஜாவின் பேர். காளமேகம் வசை பாடி மண்மாரி பெய்வித்ததாகக் கதை சொல்வார்களே, அந்த ஊர்தான். மண்மாரி பெய்தும் அங்கே ஒரு குன்று எழும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் மலை என்ற வார்த்தை வேறு விதமாகத்தான் காதில் விழும். விளக்கு அணைந்தால், அணைந்தது என்று சொல்லக்கூடாது, மலையேறிவிட்டது என்பார்கள். ஆவேசம் வந்து ஆடுகிறவர் மேலிருந்து சாமி இறங்கினாலும் மலையேறிவிட்டது என்பார்கள். ஆக, மலை என்பது திரும்பி வராதவர்கள் போகிற இடம். சமவெளிக்காரர்களின் கற்பனை அவ்வளவுதான்.

இருந்தாலும் மலையைப் பற்றிப் பேசக் காரைக்கால்காரனுக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். தமிழில் ஒரு மனித உடம்பு மலை ஏறுவதைச் சொன்ன இடங்களுக்குள் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது எங்கள் ஊர் அம்மையார் ஏறியதைச் சொன்ன இடம்தான். சேக்கிழார் அதை இரண்டே விருத்தங்களில் முடித்துவிட்டார். அந்த இரண்டு பாட்டும் ஏன் நிற்கின்றன, நம் கதைகளிலும் நாவல்களிலும் பக்கம் பக்கமாக வருகிற மலைகள் ஏன் நிற்பதில்லை என்பதுதான் இங்கே என் விசாரம்.

நம் கதைகளில் மலை எப்போது வருகிறது? கதாநாயகனுக்குக் காதல் வந்தால் வருகிறது. காதல் முறிந்தால் வருகிறது. டாக்டர் இடமாற்றம் வேண்டும் என்று சொன்னால் வருகிறது. ஊட்டியோ கொடைக்கானலோ, ஏதோ ஓர் அத்தியாயத்தில் ஒரு கார் வளைந்து வளைந்து ஏறுகிறது. மூடுபனி இறங்குகிறது. ஏரியில் படகு தயாராக நிற்கிறது. யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. யாருக்கும் முழங்கால் வலிப்பதில்லை. அந்த மலையிலேயே பிறந்து, விறகு சுமந்து, தேயிலை கிள்ளி வாழ்கிறவர்கள் கதைக்குள் நுழைந்தால், காப்பியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அத்தியாயம் முடிந்ததும் ஆசிரியர் மலையைச் சுருட்டி எடுத்து வைத்துவிடுகிறார், நாடகக் கொட்டகைப் படுதாவைப் போல.

இப்படிப் படுதாவாகத் தொங்குகிற மலை நமக்குப் புத்தகம் வழியாக வந்தது என்பது என் அபிப்பிராயம். இங்கிலீஷ்காரர் கையில் போன சில வருஷங்களைத் தள்ளிவிட்டால், 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே பிரெஞ்சு படித்தவர்களுக்கு ரூஸோவின் பேர் தெரியும். 1761-ல் வெளிவந்த அவருடைய 'ஜூலி' என்கிற கடித நாவலில், காதலியைப் பிரிந்த இளைஞன் ஸ்விட்ஜர்லாந்து மலைகளில் அலைகிறான். உயரத்துக் காற்று மனசின் கொந்தளிப்பை அடக்குகிறது என்று கடிதம் எழுதுகிறான். மற்ற ஜில்லாக்களில் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இதே சரக்கை வொர்ட்ஸ்வொர்த் கொடுத்தார். இரண்டு பேரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் நடந்தவர்கள். வொர்ட்ஸ்வொர்த் தம் ஆயுளில் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தவர்கள் மலைத்துப்போயிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் காட்சியை எடுத்துக்கொண்டோம், நடையை விட்டுவிட்டோம்.

காட்சிக்கும் நடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அந்த இங்கிலீஷ் மலை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். வட இங்கிலாந்தில், ஏரிகள் நிறைந்த பிரதேசத்தில், ஹெல்வெலின் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 950 மீட்டர். நம்முடைய தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை. ஆனால் அதற்குக் கிழக்கிலிருந்து ஏறுகிற வழியில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்று ஒரு பாறை முதுகு இருக்கிறது. பழைய காலத்துப் பனியாறுகள் இரண்டு பக்கமும் குடைந்து தின்றுவிட்டதால், நடுவில் அரிவாள் விளிம்பு மாதிரி மிஞ்சிப்போன கல். சுமார் ஒரு மைல் நீளம். வலது பக்கமும் பள்ளம், இடது பக்கமும் பள்ளம். ஒரு பள்ளத்தின் அடியில் சிறு ஏரி ஒன்று கறுப்பாகக் கிடக்கிறது.

1805-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சார்லஸ் கஃப் என்ற இளைஞர் தம் நாயுடன் அந்த வழியாகப் போனார், போய்ச் சேரவில்லை. ஜூலை மாதத்தில்தான் ஓர் இடையர் அவருடைய எலும்புகளை ஏரிக்குப் பக்கத்தில், பாறைக்குக் கீழே கண்டார். நாய் உயிரோடு அங்கேயே இருந்தது. அந்த வருஷமே வொர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும், விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியோடு சேர்ந்து, அந்த மலையில் ஏறினார்கள். பிறகு இரண்டு கவிகளும் இதே சம்பவத்தை ஆளுக்கு ஒரு பாட்டாக எழுதினார்கள். ஒரே மலை, ஒரே சாவு, இரண்டு பாட்டு. விமரிசனம் செய்ய விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

ஸ்காட் சிகரத்தில் நின்று பார்க்கிறார். ராஜகுமாரன் செத்தால் நடக்கிற ஆடம்பரத்தையும் இந்த அநாதைச் சாவையும் ஒப்பிடுகிறார். இயற்கையின் பக்தனுக்கு இந்தச் சாவுதான் பொருத்தம் என்று தீர்ப்புச் சொல்கிறார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்குப் பொருத்தம்? விழுந்தவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் பத்திரமாக இறங்கிவந்தவர் சொல்கிறார். பாறையில் ஒரு கால் வழுக்கிய கணம் அந்தப் பாட்டில் இல்லை. மலையின் அழகு சாவின் மேல் போர்த்திய பட்டுத்துணியாகிவிட்டது.

வொர்ட்ஸ்வொர்த் கெட்டிக்காரர். அவர் இடையரோடு சேர்ந்து நிற்கிறார். முதலில் காதில் ஒரு குரைப்பு விழுகிறது; இந்த மலைப்பக்கத்து நாயின் குரல் மாதிரி இல்லையே என்று இடையருக்குத் தோன்றுகிறது. மலையில் பிழைப்பவனுக்குத்தான் அந்தக் காது இருக்கும். அந்த ஒரு காதின் மூலமாக மலை நிஜமாகிவிடுகிறது. மூன்று மாதம் அந்த நாய் எதைத் தின்று பிழைத்தது என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அருவருப்போடு எழுப்பிய கேள்வி. கவியும் எப்படிப் பிழைத்ததோ என்று வியக்கிறார். ஆனால் பதிலைத் தெய்வத்திடம் விட்டுவிடுகிறார். அந்த இடத்தில் அவரும் கொஞ்சம் திரை போட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். இருந்தாலும் மலையை அறிந்த ஒருவரைப் பாட்டின் நடுவில் நிறுத்தினாரே, அது போதும். ஸ்காட்டைவிட அவர் உயர்ந்துவிடுகிறார்.

மலையை உச்சியிலிருந்து எழுதுவது சுலபம். அடிமேல் அடி வைத்து எழுதுவது கஷ்டம். இது நம்மவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று இருக்கிறதே, 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது, செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. அதை இயற்கை வர்ணனை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்து வீணாக்கிவிட்டார்கள். வர்ணனை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பாட்டின் முதுகெலும்பு வேறு. பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், விடிந்த பிறகு போங்கள். பள்ளத்தில் பாம்பு இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். தினைப்புனத்துக் காவல்காரர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போங்கள். பாறை வழுக்கும். இரவானால் குகையில், சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து, தங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவும் கூட்டமாக, குழந்தை குட்டியோடு, தோளில் வாத்தியங்களைச் சுமந்துகொண்டு போகிறவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் வயிற்றுக்காகப் போகிறார்கள். அதனால் அந்த மலையில் ஒவ்வொரு கல்லும் கனக்கிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

காரைக்கால் அம்மையார் கதை தெரியாதவர் இருக்க மாட்டார்கள். வணிகர் தனதத்தரின் மகள் புனிதவதி; நாகப்பட்டினத்துப் பரமதத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை அடியவருக்கு இட்டார். அதற்கு ஈடாக இறைவனிடமிருந்து வேறொன்று கிடைத்தது. கணவன் பயந்து கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான்; பிறந்த பெண்ணுக்கு இவர் பேரையே வைத்தான்; தேடி வந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். அன்று அம்மையார் தம் அழகையும் தசையையும் உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டு கயிலைக்கு நடந்தார். ஆனி மாதப் பௌர்ணமியில் எங்கள் ஊரில் திருவிழா நடக்கிறது. மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே ஜனங்கள் ஏந்திப் பிடிக்கிறார்கள். திருவிழாவின் பேரே மாங்கனித் திருவிழா. ஊரார் மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மலையைப் பிடித்துக்கொள்கிறேன்.

சேக்கிழாருக்கு முன்பே நம்பியாண்டார் நம்பி, தொண்டர்களைப் பாடிய அந்தாதியில் ஒரு பாட்டில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். சிவனுடைய மலையைக் காலால் மிதிக்க மாட்டேன் என்று அம்மையார் தலையால் ஏறினார். அதைக் கண்டு உமை சிரித்தாள். சிவனோ அவரை அம்மை என்று அழைத்தான். இவ்வளவும் ஒரே பாட்டுக்குள் இருக்கிறது. கச்சிதமான பாட்டு. சேக்கிழார் இதை எடுத்து என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில், காரணத்தை எடுத்துவிட்டார். மலையடிக்கு வந்தார், காலால் நடப்பதை விட்டார், தலையால் நடந்தார். அவ்வளவுதான். ஏன் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. வாசகனுக்கே தெரியும் என்று விட்டுவிட்டார். பாத்திரத்தின் செய்கைக்கு உடனே காரணம் சொல்லி விளக்கக்கூடாது என்பதை நாங்கள் நாவல் எழுதுகிறவர்கள் ரொம்ப அவஸ்தைப்பட்டுக் கற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது, வேகத்தை மாற்றினார். வடதேசம் முழுவதையும் அம்மையார் மனசைவிட விரைவாகக் கடந்துவிடுகிறார். அவ்வளவு வேகமாக வந்த உடம்பு மலையடியில் நிதானித்து, தலையை ஊன்றி, அங்குலம் அங்குலமாக ஏற ஆரம்பிக்கிறது. காடும் நாடும் ஒரு பொருட்டில்லை, மலை மட்டும்தான் பொருட்டு என்பதை வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

மூன்றாவது, மலையை வர்ணிக்கவில்லை. அவருக்கு வர்ணிக்கத் தெரியாதா? பெரியபுராணம் ஆரம்பிப்பதே திருமலைச் சிறப்பு என்று கயிலையைப் பற்றி. அந்தப் பகுதி மட்டும் நாற்பது பாட்டு. இந்த அம்மையார் புராணத்திலேயே மாம்பழம் இட்ட காட்சியைப் பாருங்கள். அடியவர் வந்தபோது சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. அதனால்தான் மாம்பழம் இலைக்கு வந்தது. சமையலறை வரை தெரிந்த கவி அவர். அப்படிப்பட்டவர், மலை ஏறும்போது மலையை வர்ணிக்காமல் விட்டாரென்றால் அது மறதி இல்லை. தலைகீழாக ஏறுகிற ஒருவருக்கு மலை எப்படித் தெரியும்? சிகரம் தெரியாது, மேகம் தெரியாது. முகத்துக்கு முன்னால் இருக்கிற கல் தெரியும், அவ்வளவுதான். அவருக்குத் தெரியாததைக் கவி நமக்கும் காட்டவில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. இரண்டாவது பாட்டில், அம்மையார் பாதி வழியில் இருக்கும்போதே, கவி நம்மைச் சட்டென்று உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறார். இப்போது நாம் உமையின் கண்ணால் பார்க்கிறோம். உச்சியில் நிற்கிறவர்கள் வழக்கமாகத் தூரத்துக் காட்சியைப் பார்ப்பார்கள். இங்கே உமை பார்ப்பது எலும்பும் தோலுமாக ஏறி வருகிற ஓர் உடம்பை. நம்பியின் பாட்டில் அவள் சிரிக்கிறாள். சேக்கிழாரின் பாட்டில் சிரிக்கவில்லை. இந்த எலும்புக்கூட்டுக்கு இத்தனை அன்பா என்று கேட்கிறாள். சிரிப்பை வியப்பாக மாற்றிய இந்த ஒரு திருத்தத்தில் ஒரு பெரிய கலைஞனின் மனம் தெரிகிறது. உச்சியில் இருப்பவள் ஏறுகிறவளைப் பார்த்துச் சிரித்தால் அது உயரத்தின் சிரிப்பு. கேள்வி கேட்டால், உயரம் கொஞ்சம் கீழே இறங்கி வருகிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு கதை எங்கே போகிறது? சாதாரணக் கதாசிரியனாக இருந்தால் அம்மையாரைச் சிகரத்திலேயே நிறுத்தி, மணி அடித்து, முற்றும் போட்டிருப்பான். மலையேறியவர் திரும்புவதில்லை என்பதுதானே சமவெளிக்காரர்களின் நம்பிக்கை. சேக்கிழார் அவரைக் கீழே அனுப்புகிறார். இறைவன் அம்மையே என்று அழைத்துவிட்டு, திருவாலங்காட்டுக்குப் போய் ஆட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிரு என்கிறார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற தரை ஊர் அது. அம்மையார் பாடியதாக இன்று நம் கையில் இருப்பவை அற்புதத் திருவந்தாதி 101 பாட்டு, இரட்டை மணிமாலை 20, ஆலங்காட்டைப் பற்றிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அந்தப் பதிகங்களில் சுடுகாட்டுப் பேயின் வற்றிய மார்பும் எடுத்து நிற்கும் நரம்பும் உள்வாங்கிய கண்ணும் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. பாட ஆரம்பித்தபோது அவர் கண்முன் இருந்த இடத்தை, முள்ளும் நெருப்பும் நரியுமாக, அப்படியே பாடினார். தலையால் நடந்து ஏறிய வீரத்தைப் பற்றி அவர் ஒரு பாட்டும் பாடவில்லை. அதைச் சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்கலாம். சேக்கிழார் கயிலைக்குப் போனாரா? அவர் பிறந்த குன்றத்தூரில் ஒரு சிறு குன்று உண்டு. அதை ஏறி இறங்கியிருப்பார். போகாதவர் எழுதியது இவ்வளவு நன்றாக இருந்தால், நடந்தவர்தான் எழுத வேண்டும் என்கிற வாதம் என்ன ஆகிறது? நியாயமான கேள்வி. நான் டிக்கட் வாங்கிக்கொண்டு போனவன்தான் எழுதலாம் என்று சொல்லவில்லை. போய்விட்டு வந்தவர்களும் படுதா எழுதியிருக்கிறார்கள். எழுதுகிறவன் யாருடைய உடம்போடு மலையில் இருக்கிறான் என்பதுதான் கேள்வி. பெருங்கௌசிகனார் கூத்தர்களின் காலோடு இருந்தார். வொர்ட்ஸ்வொர்த் இடையரின் காதோடு இருந்தார். சேக்கிழார் அம்மையாரின் தலையோடு இருந்தார். ஸ்காட் தம்மோடு மட்டும் இருந்தார்.

நம் காலத்து நாவல்களிலும் விதிவிலக்கு உண்டு. ராஜம் கிருஷ்ணன் 1963-ல் வெளியிட்ட 'குறிஞ்சித் தேன்' நீலகிரிப் படகர்களைப் பற்றியது. அவர் அந்த மலையில் வாழ்ந்து, அந்த ஜனங்களோடு பழகி எழுதினார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சி அங்கே அலங்காரம் இல்லை. ஆயுளை அளக்கிற காலண்டர். ஒருவர் எத்தனை பூப்புப் பார்த்திருக்கிறார் என்பதுதான் வயசு. எருமைகளும் தானியமும் இருந்த இடத்துக்குத் தேயிலையும் பணமும் வந்தபோது ஒரு குடும்பத்துக்குள் என்ன ஆயிற்று என்பதை அந்த நாவலில் படித்தவர்களுக்கு, ஊட்டி ஏரியும் படகும் அப்புறம் ருசிக்காது. குறை சொல்லப்போனால், ஆராய்ச்சிச் செய்தி கதையை மீறித் துருத்திக்கொண்டு நிற்கிற பக்கங்கள் அதில் சில உண்டு. இருந்தாலும் அந்த மலையில் ஆட்கள் பிறக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள். படுதாவில் யாரும் சாவதில்லை.

உங்கள் நாவலில் மலையே வருவதில்லையே என்று வாசகர்கள் என்னைக் கேட்பதுண்டு. எங்கள் வயலில் இருக்கிற வண்டல் முழுக்க மலைதான் என்று பதில் சொல்வேன். குடகில் தலைக்காவிரியில் புறப்பட்டு, எண்ணூறு கிலோமீட்டர் மலையையும் மேட்டையும் அரித்துக்கொண்டு வருகிற ஆறு, கொண்டுவந்ததை எங்கள் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. நாற்று நடுகிற பெண்ணின் முழங்கால்வரை அந்த மலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அது சேறு. எனக்கும் அதைச் சேறாக எழுதத்தான் இஷ்டம்.

வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த தடவை ஒரு கதையில் கார் வளைந்து ஏறி மூடுபனி இறங்குகிறபோது, அங்கே யாருக்காவது மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். வாங்கினால் மேலே படியுங்கள். வாங்காவிட்டால் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடலாம். கதைக்கு நஷ்டம் ஒன்றும் வராது.